இடமலக்குடிக்குப் போகிறவர்கள் டிபன் கேரியரைத் திறந்து காட்டட்டும்

மூணாறுக்கு அப்பால் காட்டுக்குள் இருக்கும் இடமலக்குடிக்குக் கிளம்புகிறவர்கள் எல்லாரும் ஜீப்பைப் பற்றியும் அட்டைப்பூச்சியைப் பற்றியும்தான் கேட்கிறார்கள். அதெல்லாம் பெரிய விஷயமே இல்லை. கொச்சி வைட்டிலாவில் விடியற்காலை பஸ், அடிமாலி வழியாக மூணாறு, மறுநாள் ராஜமலை தாண்டிப் பெட்டிமுடி, அங்கிருந்து ஜீப்பும் நடையும். வனத்துறை அனுமதியை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். சுற்றுலா என்று சொன்னால் கிடைக்காது. அட்டைக்குப் புகையிலைத்தூள். பெட்டிமுடியில் ஒரு நிமிடம் நில்லுங்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு மண் சரிந்து எழுபது பேர் போன லயங்கள் அங்கேதான் இருந்தன. பெரும்பாலோர் நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள்.

பெரிய விஷயம் சாப்பாட்டுப் பொதி.

இடமலக்குடி முதுவர்களின் ஊர். 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடி கிராமப் பஞ்சாயத்தானது. மதுரையிலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று தங்கள் முன்னோரைச் சொல்வார்கள். பேச்சும் தமிழுக்குப் பக்கத்தில்தான் நிற்கும். அதனால்தான் கொச்சியில் எங்கள் பள்ளுருத்தி மருத்துவ முகாம் குழு தமிழ் தெரிந்த என்னைக் கூட்டிக்கொண்டு போனது. முதுவர்கள் மாட்டிறைச்சி தொடமாட்டார்கள், ஊருக்குள் கொண்டுபோகவே கூடாது என்று கிளம்பும் முன்பே எல்லாரிடமும் சொன்னேன். என் அக்கா வீட்டுக்காரர் மட்டும், "நம்ம சாப்பாட்டை நாமதானே சாப்பிடப் போறோம், அவங்களுக்கு என்ன?" என்றார்.

இடமலக்குடியின் சொசைட்டிக்குடியில் முகாம் வரிசை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மத்தியானம் திண்ணையில் உட்கார்ந்து அவர் கேரியரின் அடித்தட்டைத் திறந்தார். தேங்காய்ப்பல் போட்டு, மிளகு தூக்கலாக வறுத்த இறைச்சி. பக்கத்தில் இருந்த பெரியவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து முற்றத்துக்குப் போனார். குழந்தைகளோடு நின்ற பெண்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த கட்டன்சாயா எங்களுக்கு வரவே இல்லை. "இங்க இது ஆகாது" என்று ஒருவர் என்னிடம் மட்டும் வந்து சொன்னார். அதற்குப் பிறகு ஒருவருக்குக்கூட ரத்த அழுத்தம் பார்க்க முடியவில்லை. பாதி மருந்து அப்படியே திரும்பி வந்தது.

இப்போது அவர் தோப்பும்படி வரைக்கும் போய், "காட்டுக்காரங்க நம்மை அவமானப்படுத்திட்டாங்க" என்று சொல்லித் திரிகிறார். நானும் மாட்டிறைச்சி விரும்பிச் சாப்பிடுகிறவன்தான், மட்டாஞ்சேரிப் பக்கத்துக்காரன் வேறு எப்படி இருப்பேன்? ஆனால் எங்கள் பள்ளுருத்தி பவானீஸ்வரர் கோயில் உற்சவத்தன்று கோயில் முற்றத்தில் உட்கார்ந்து இவர் அந்தத் தட்டைத் திறப்பாரா? கொரோனா வந்தபோது வெளியாட்களை இந்தக் குடிக்காரர்களே தடுத்து நிறுத்தி, ஓராண்டுக்கு மேல் ஒரு தொற்றுகூட இல்லாமல் ஊரைக் காப்பாற்றினார்கள். நமக்குக் கைகூடாத காரியம் அது. அப்படிப்பட்டவர்களுக்குத் தங்கள் வாசலில் எது ஆகும், எது ஆகாது என்று தெரியாதா?

பெண்களைப் படம் எடுக்காதீர்கள். மாதவிலக்கான பெண்கள் தங்கும் தனிக்குடிசைப் பக்கம் எட்டிப் பார்க்காதீர்கள். ராகிக் கட்டி கொடுத்தால் மறுக்காமல் வாங்கிச் சாப்பிடுங்கள்.

மூணாறில் இரவு தங்கும்போதே எல்லாருடைய பையையும் பிரித்துப் பார்த்துவிடுங்கள், சொந்தக்காரர் என்று தாட்சண்யம் வேண்டாம். முறைத்துக்கொள்கிறவர் அங்கிருந்தே திரும்பட்டும். மூணாறிலிருந்து கொச்சிக்கு பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை.