செல்ஃப் எடுக்கவில்லையா? மோட்டாரைக் கழற்றும் முன்



சம்பா உழவு நேரத்தில் டிராக்டர் ஒரு காலைப்பொழுது நின்றுபோனால் அன்றைய வாடகை மட்டும் போவதில்லை; தண்ணீர் கட்டிய வயலும் காத்துக் கிடக்கும். சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி. உடனே நாம் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி டவுனுக்கு அனுப்பிவிடுகிறோம். அத்தா காலத்து மாஸ்ஸி பெர்குசனுக்கு நானும் அதைத்தான் செய்தேன். காயில் கட்டி, பிரஷ் மாற்றி, காசு கொடுத்து வாங்கிவந்து மாட்டினால் மறுபடியும் அதே ‘டக்’. எர்த் ஒயரைப் பிடித்திருந்த போல்ட்டின் அடியில் பெயிண்டும் துருவும் இருந்தன. உப்புத்தாளால் தேய்த்து இறுக்கியதும் வண்டி எடுத்துவிட்டது.

“லைட் நன்றாக எரிகிறதே, பேட்டரி சரியாகத்தானே இருக்கிறது” என்பார்கள். ஒரு ஹெட்லைட் நான்கைந்து ஆம்பியர்தான் இழுக்கும். டீசல் இன்ஜினைச் சுழற்றும் செல்ஃப் மோட்டாரோ நூற்றுக்கணக்கில் இழுக்கும். வழியில் நூறில் ஒரு பங்கு ஓம் தடை இருந்தாலும், 200 ஆம்பியர் ஓடும்போது 2 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். லைட்டுக்கு அந்தத் தடை தெரியவே தெரியாது.

ஆனாலும் லைட்டை வைத்தே பாதிக் கோளாறைக் கண்டுபிடிக்கலாம். லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் துளியும் குறையாமல், சத்தமும் இல்லாமல் இருந்தால் மின்சாரம் செல்ஃப் வரை போகவில்லை. சாவி ஸ்விட்ச், சாலினாய்டுக்குப் போகும் சிறிய ஒயர், நியூட்ரல் அல்லது கிளட்ச் பாதுகாப்பு ஸ்விட்ச் ஆகியவற்றைப் பாருங்கள். சில வண்டிகளில் கியர் லீவரை லேசாக அசைத்தாலே எடுத்துவிடும். லைட் முழுவதும் அணைந்தால் பேட்டரி டெர்மினலில் பிடிப்பு இல்லை. மங்கினால் பேட்டரி பலவீனம், அல்லது மோட்டார் சிக்கி இழுக்கிறது. ‘டகடக’ என்று தொடர்ந்து அடித்தால் பெரும்பாலும் பேட்டரியும் டெர்மினலும்தான்.

மல்டிமீட்டர் ஒன்று வீட்டில் இருந்தால் நல்லது. இரவு முழுவதும் ஓய்ந்திருந்த 12 வோல்ட் பேட்டரி 12.6 காட்ட வேண்டும்; 12-க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் ஏற்றுங்கள். செல்ஃப் சுழலும்போது 9.5-க்கும் கீழே விழுந்தால் பேட்டரி தாங்கவில்லை என்று பொருள். பிறகு எர்த் சோதனை. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் கட்டையிலும் (கிளாம்பில் அல்ல, ஈயக் கட்டையிலேயே) மறுமுனையைச் செல்ஃப் மோட்டாரின் உடம்பிலும் வையுங்கள். வண்டியை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்து, ஸ்டாப் நாபை இழுத்துப் பிடித்தபடி சீட்டில் இருந்து ஒருவர் செல்ஃப் போடட்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வழியில்தான் கோளாறு. பிளஸ் கட்டைக்கும் செல்ஃபின் பெரிய போல்ட்டுக்கும் இடையிலும் இதேபோலப் பாருங்கள்.

டெர்மினலில் உப்பு பூத்திருந்தால் சமையல் சோடா கலந்த தண்ணீரால் கழுவலாம், பேட்டரிக்குள் சொட்டாமல். அருகில் பீடி, தீக்குச்சி கூடாது. சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து வரும் வாயு வெடிக்கும். காருக்குப் போடும் மெல்லிய கேபிளை டிராக்டருக்கு வாங்காதீர்கள்.

இனி, நாம் எல்லோரும் செய்கிற ஒரு தவறு. பெரிய சக்கரத்தின் முன்னால் தரையில் நின்றுகொண்டு, ஸ்பேனரையோ ஸ்குரூ டிரைவரையோ சாலினாய்டின் குறுக்கே வைத்து ஸ்டார்ட் செய்கிறோம். அப்போது மின்சாரம் பாதுகாப்பு ஸ்விட்சைத் தாண்டிப் போகிறது. வண்டி கியரில் இருப்பது நினைவில்லாவிட்டால், இன்ஜின் எடுத்த மறுநொடி பின்சக்கரம் ஆளின் மேல் ஏறிவிடும். இப்படி உயிர் இழந்த விவசாயிகள் பல நாடுகளில் உண்டு. அவசரமாக இருந்தாலும் இதைச் செய்யாதீர்கள். பிள்ளைகள் கண்முன் செய்யவே செய்யாதீர்கள்.

ஒயர்களும் பேட்டரியும் சரியாக இருந்து, ஒரே ஒரு ‘டக்’ மட்டும் வந்தால் சாலினாய்டின் உள்முனைகள் கருகியிருக்கலாம், கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். மோட்டார் ‘விர்’ரென்று சுற்றியும் இன்ஜின் சுற்றாவிட்டால் பினியன் பக்கம் கோளாறு, அல்லது ஃப்ளைவீல் ரிங்கின் பல் தேய்ந்திருக்கிறது. மூன்று சிலிண்டர் இன்ஜின் நிற்கும்போது பெரும்பாலும் மூன்றே இடங்களில் நிற்கும். அதனால் ரிங்கிலும் அந்த மூன்று இடங்களே முதலில் தேயும். சில நாள் எடுப்பதும் சில நாள் எடுக்காததும் இதனால்தான்.

இந்த நிலையில் மோட்டாரைக் கழற்றலாம். கழற்றும்போது பேட்டரியின் எர்த் ஒயரை முதலில் எடுங்கள், மாட்டும்போது அதையே கடைசியில் மாட்டுங்கள். வேலை முடிந்ததும் பத்து நொடிக்கு மேல் தொடர்ந்து செல்ஃப் போட வேண்டாம். எடுக்காவிட்டால் ஒரு நிமிடம் ஆறவிட்டு மறுபடி திருப்புங்கள்.