ஜாக்கி தூக்கும், தாங்காது

நாமக்கல் லாரி ஒன்று தேங்காய் ஏற்றிக்கொண்டு நாகபுரிக்குப் போனது. மகாராட்டிரத்தில் ஹிங்கண்காட்டைத் தாண்டியாயிற்று. மழைக்காலம். அங்கே கரிசல் மண். மழை பட்டால் களியாகக் குழையும்.

ஓட்டுநர் லாரியைச் சாலையோரம் ஒதுக்கி நிறுத்தினார். இடது பின் சக்கரங்கள் மண்ணில் இறங்கிவிட்டன. வண்டியைக் கிளப்பினார். சக்கரம் சுற்றச் சுற்ற இன்னும் புதைந்தது. எஞ்சினை நிறுத்தினார்.

"தம்பி, ஜாக்கியை எடு" என்றார்.

கிளீனர் தம்பி எடுத்து வந்தான். ஜாக்கியில் எண்ணெய் கசிந்திருந்தது.

"இது வேண்டாம். எண்ணெயின் அழுத்தம்தான் சுமையைத் தூக்குகிறது. எண்ணெய் கசிந்தால் பாதியில் இறங்கிவிடும்."

இருக்கைக்கு அடியில் போட்டுவிட்டு ஜாக்கியை மறந்துவிடுவது பலருக்கும் வழக்கம். தேவைப்படும் நாளில்தான் கசிவு தெரியும்.

அந்த வழியே வந்த வேன்காரர் தம் ஜாக்கியைக் கொடுத்தார். அதில் எழுதியிருந்ததைத் தம்பி எழுத்துக் கூட்டிப் படித்தான்.

"அண்ணே, 3 டன் என்று போட்டிருக்கு."

"நமக்குப் போதாது."

ஏன் போதாது? லாரியின் பின் அச்சில் நான்கு டயர்கள். 2018ஆம் ஆண்டு விதிப்படி அந்த அச்சின் மேல் 11.5 டன் வரை எடை வரலாம். ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 6 டன். சேறு வேறு சக்கரத்தைப் பிடித்து இழுக்கும். ஆகவே ஜாக்கியின் பலம் சுமையைவிட நன்றாகவே கூடுதலாக இருக்க வேண்டும். பின்னால் வந்த லாரிக்காரரிடம் 20 டன் ஜாக்கி இருந்தது. அதை வாங்கிக்கொண்டார்கள்.

கைபிரேக்கைப் போட்டார்கள். முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் அண்டை கொடுத்தார்கள். அச்சுக்கு அடியில் ஜாக்கி நுழையும் அளவு மண்ணைத் தோண்டினார்கள். அங்கே அகலமான பலகையைப் போட்டு, அதன் மேல் ஜாக்கியை நேராக நிறுத்தினார்கள். வெறும் சேற்றில் வைத்தால் ஜாக்கி கீழே போகும். லாரி மேலே வராது.

ஓட்டுநர் கம்பியை மெதுவாக அடித்தார். சக்கரம் நான்கு விரல் உயர்ந்தது. தம்பி ஒரு கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு அடியில் கையை நீட்டினான்.

"கையை எடுடா!"

தம்பி பதறிப் பின்வாங்கினான்.

"ஜாக்கி தூக்கத்தான் தம்பி. அதை நம்பிக் கையோ தலையோ உள்ளே போகக்கூடாது."

ஜாக்கியின் பக்கத்தில், அச்சுக்கு அடியில், மரக்கட்டைகளைக் கம்பால் தள்ளி அடுக்கினார்கள். அச்சுக்கும் கட்டைக்கும் ஒரு விரல் இடைவெளிதான். பிறகு தம்பி மண்வெட்டியால் கற்களைச் சக்கரத்துக்கு அடியில் தள்ளினான்.

திடீரென்று பலகை ஒரு பக்கம் அமுங்கியது. ஜாக்கி சாய்ந்தது. மடார் என்று அச்சு கட்டையின் மேல் உட்கார்ந்தது. மண்வெட்டிக் காம்பு முறிந்தது. தம்பி தன் கையைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

பலகைக்கு அடியில் கல் நிரப்பி, ஜாக்கியை மறுபடி நேராக நிறுத்தினார்கள். அச்சைச் சற்று உயர்த்திக் கட்டைகளைக் கம்பால் வெளியே தள்ளினார்கள். ஓட்டுநர் ஜாக்கியின் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தார். ஒரேயடியாகத் திறந்தால் சுமை தடாலென்று இறங்கும். சக்கரம் கற்களின் மேல் உட்கார்ந்தது. ஜாக்கியையும் அண்டைக் கற்களையும் எடுத்த பிறகு, எல்லோரும் தள்ளி நின்றார்கள். முதல் கியரில் லாரி மேலே ஏறியது.

மாலையில் நாகபுரி சேர்ந்ததும், கசிந்த ஜாக்கியைத் தோளில் வைத்துக்கொண்டு தம்பி பழுது பார்க்கும் கடையைத் தேடிப் போனான்.