ஷெர்காட்டியில் விழுந்த கல்

1865ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 25ஆம் நாள் காலையில், இன்றைய பீகார் மாநிலத்தைச் சேர்ந்த ஷெர்காட்டி என்னும் ஊரில் வானிலிருந்து ஒரு கல் விழுந்தது. அதன் எடை ஏறத்தாழ 5 கிலோகிராம். விழுந்ததைக் கண்டவர் இருந்தமையால் அக்கல் வீணாகாமல் அறிஞர் கைக்குச் சென்றது.

1872இல் செர்மாக் என்னும் அறிஞர் அதனுள் கண்ணாடி போன்ற புதுப்பொருள் ஒன்றைக் கண்டு, அதற்கு ‘மாஸ்கலினைட்டு’ எனப் பெயரிட்டார். பெருமோதலின் அழுத்தத்தால் படிகம் தன் ஒழுங்கை இழக்கும்போது அப்பொருள் உருவாகிறது. ஆயினும் அக்கல்லின் பிறப்பிடம் நெடுங்காலம் புதிராகவே இருந்தது.

விண்கற்களுள் பெரும்பாலானவை ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகள் பழைமையானவை. ஷெர்காட்டிக் கல்லோ எரிமலைக் குழம்பு இறுகி உருவானது. வயதிலும் மிக இளையது. எனவே, அது ஒரு கோளிலிருந்து வந்திருக்கலாம் என்று அறிவியலார் கருதினர். 1976இல் வைக்கிங் விண்கலங்கள் செவ்வாயின் காற்றை ஆராய்ந்தன. அண்டார்க்டிகாவில் கிடைத்த இதே வகைக் கல் ஒன்றினுள் அடைபட்டிருந்த வாயு அக்காற்றோடு ஒத்திருந்தது. புதிர் அவிழ்ந்தது, இவை செவ்வாயின் கற்கள்!

இன்று இவ்வகைக் கற்களை உலகம் ‘ஷெர்கோட்டைட்டு’ என்றே அழைக்கிறது. சிற்றூரில் விழுந்த கல்லைப் பேணிக் காத்ததனால், நூறாண்டுக்குப் பின் அது தன் வரலாற்றைக் கூறிற்று.

வினாக்கள்

1. மாஸ்கலினைட்டு எவ்வாறு உருவாகிறது?
2. ஷெர்காட்டிக் கல்லின் பிறப்பிடம் எவ்வாறு அறியப்பட்டது?
3. அக்கல்லைப் பேணாது விட்டிருந்தால் நேர்ந்திருக்கக்கூடிய இழப்பை ஐந்து வரிகளில் எழுதுக.