இளவேனிலில் மலைநடை



இளவேனில் என்றவுடன் பசும்புல்லும் பனித்துளியும் நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. ஆங்கிலப் பாடங்களில் நாம் படித்த இளவேனில் அதுதான். இங்கிலாந்தில் குளிர்காலம் முடிந்து புல் துளிர்க்கும் ஏப்ரல், மே மாதங்களில் மக்கள் மேட்டுநிலங்களில் கூட்டங்கூட்டமாக நடந்து மகிழ்வார்கள். ஆனால் நம் திருப்பத்தூர் மலைகளில் சித்திரை மாதம் எப்படி இருக்கும்? அதை நேரில் கண்டறிய, சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்புத் தேர்வு முடிந்தபின், சித்திரை இரண்டாம் வாரத்தில் நாங்கள் 24 மாணவியர் ஜவ்வாது மலைக்கு நடைப்பயணம் சென்றோம். எங்களுடன் ஒரு சிஸ்டரும் இரண்டு ஆசிரியைகளும் வந்தார்கள். அங்கே நாங்கள் கற்றதையும், நாங்கள் செய்த ஒரு தவற்றையும் இக்கட்டுரையில் கூற விழைகிறோம்.

நம் மலை

நம் நகருக்குக் கிழக்கே நீண்டு கிடக்கும் ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகும். அது திருப்பத்தூர், திருவண்ணாமலை, வேலூர் ஆகிய மாவட்டங்களில் பரவியுள்ளது. வேலூரிலிருந்து பிரிந்து நம் மாவட்டம் தனி மாவட்டமாக உருவானது 2019-ஆம் ஆண்டு நவம்பர் 28-ஆம் நாள். புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்னும் மலைநாடுகள் நம் பக்கத்தில் உள்ளன. அங்கு வாழ்பவர்கள் மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள். பெயரைக் கேட்டு அவர்களைக் கேரளத்தவர் என்று எண்ணிவிடக் கூடாது. அவர்கள் பேசுவது தமிழே. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. சாமையும் புளியும் தேனும் பலாவும் அம்மலையின் செல்வங்கள்.

நாங்கள் சென்ற ஊரில் திண்ணைதோறும் பெண்கள் அமர்ந்து புளியந்தோட்டைத் தட்டிக் கொட்டை நீக்கிக்கொண்டிருந்தார்கள். சாமைக் கொல்லைகள் வெறும் மண்ணாகக் கிடந்தன. மழை வந்தபிறகுதான் அங்கே விதைப்பு. நாங்கள் எதிர்பார்த்த பசுமை எங்கும் இல்லை! மரங்களில் பாதி மொட்டையாக நின்றன. காலடியில் சருகு சலசலத்தது.

மரங்கள் ஏன் மொட்டையாகின்றன?

இந்தக் கேள்வியை எங்கள் அறிவியல் ஆசிரியையிடம் கேட்டோம். அவர் சொன்ன விளக்கம் இதுதான். மரம் தன் இலைகளின் வழியே நீரை ஆவியாக வெளியிடுகிறது. தை மாதத்திற்குப் பிறகு மண்ணில் ஈரம் குறைந்துவிடும். அப்போதும் இலைகளை வைத்திருந்தால் உள்ள நீரும் போய்விடும். ஆகவே மரம் இலைகளை உதிர்த்துத் தன்னைக் காத்துக்கொள்கிறது. இத்தகைய காட்டிற்கு இலையுதிர் காடு என்று பெயர்.

ஆயினும் மரங்கள் உறங்கிவிடவில்லை. முள்ளிலவும் பலாசும் மாசி, பங்குனியிலேயே இலையில்லாக் கிளைகளில் செந்நிறமாகப் பூத்துவிடும். இலை மறைக்காததால் பூக்கள் பறவைகளுக்கும் தேனீக்களுக்கும் தூரத்திலிருந்தே தெரியும். நாங்கள் போனபோது முள்ளிலவின் காய் வெடித்துப் பஞ்சு பறந்துகொண்டிருந்தது. கொன்றை பொன்னிறமாகத் தொங்கியது. புங்க மரங்கள் மட்டும் இளந்தளிர் விட்டு நிழல் தந்தன. மழைக்கு முன்பே துளிர்க்கும் அந்தப் புங்கமே எங்கள் மலையின் இளவேனில் என்று தோன்றியது.

இந்த வறட்சியால் ஒரு நன்மையும் உண்டு. இதே ஜவ்வாது மலையில், கடல்மட்டத்திற்கு 725 மீட்டர் உயரத்தில், காவலூர் வானாய்வகம் இருக்கிறது. மேகமற்ற தெளிந்த இரவுகள் அங்கே கிடைப்பது பெரும்பாலும் தை முதல் சித்திரை வரையில்தான். 1977-ஆம் ஆண்டு மார்ச் 10-ஆம் நாள் யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதைக் கண்டறிந்த உலக ஆய்வகங்களுள் காவலூரும் ஒன்று. 2.34 மீட்டர் விட்டமுள்ள பெரிய தொலைநோக்கி அங்கே 1986-இல் தொடங்கி வைக்கப்பட்டது. வானத்தை ஆராய்பவர்களுக்கு உதவும் அதே வறட்சிதான் காட்டைத் தீக்கு இரையாக்குகிறது என்பதைப் பின்னால் உணர்ந்தோம்.

நடைக்கும் ஒரு கணக்கு

புறப்படுவதற்கு முன்பே வகுப்பில் ஒரு கணக்குப் போட்டோம். 1892-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து நாட்டு மலையேற்ற வீரர் வில்லியம் நெய்ஸ்மித் என்பவர் ஓர் எளிய விதியைக் கூறினார். ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தூரத்திற்கு ஒரு மணி நேரம். அத்துடன் 600 மீட்டர் ஏற்றத்திற்கு மேலும் ஒரு மணி நேரம். எங்கள் வழி போகும்போது 6 கிலோமீட்டர், ஏற்றம் 300 மீட்டர். எனவே தூரத்திற்கு 72 நிமிடம், ஏற்றத்திற்கு 30 நிமிடம். ஆக 102 நிமிடம். “இரண்டு மணி நேரத்திற்குள் போய்விடலாம்!” என்று துள்ளினோம். அவ்விதி குளிர்நாட்டில், நன்றாக நடந்து பழகியவர்களுக்காகச் சொல்லப்பட்டது என்பதை மறந்துவிட்டோம்.

வெப்பத்தைப் பற்றியும் தவறாகவே எண்ணியிருந்தோம். 1,000 மீட்டர் உயர்ந்தால் வெப்பம் சுமார் ஆறரை பாகை குறையும். 300 மீட்டர் ஏற்றத்திற்கு இரண்டு பாகைதான் குறையும். நகரத்தில் வெயில் கொளுத்தும்போது இரண்டு பாகை குறைந்தால் என்ன பயன்?

நாங்கள் செய்த தவறு

காலை ஆறரை மணிக்கு நடக்கத் தொடங்கினோம். வழிகாட்டியாக அவ்வூர் அக்கா ஒருவர் முன்னால் நடந்தார். ஆசிரியை ஒருவர் நடுவிலும் மற்றொருவர் கடைசியிலும் வந்தார்கள். “வரிசையைக் கலைக்காதீர்கள்” என்று சிஸ்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். முதல் ஒரு மணி நேரம் அப்படியே நடந்தோம். பிறகு வேகமாக நடக்கக்கூடிய நாங்கள் எட்டுப்பேர் வளைவு ஒன்றில் குறுக்குவழியைக் கண்டு, யாரிடமும் சொல்லாமல் ஏறிவிட்டோம். மேலே போய் மற்றவர்களுக்கு முன்பாகப் பாறைமேல் அமர்ந்து கைதட்டிச் சிரித்தோம்.

எல்லாரும் வந்து சேர்ந்ததும் அக்கா கேட்டார்: “எண்ணிப் பாருங்க கண்ணு, எல்லாரும் இருக்கீங்களா?”

எண்ணினோம். 23 பேர்தான் இருந்தோம். மீண்டும் எண்ணினோம். 23. எங்கள் கைகால்கள் நடுங்கின. கடைசியில் வந்த ஆசிரியை, அந்தத் தோழி எங்களோடு குறுக்குவழியில் ஏறியிருப்பாள் என்று நினைத்திருந்தார். நாங்களோ அவள் மற்றவர்களோடு வருவாள் என்று நினைத்திருந்தோம்.

அக்காவும் சிஸ்டரும் இறங்கிப் போனார்கள். அந்தப் பத்து நிமிடம் எங்களில் யாரும் பேசவில்லை. குறுக்குவழியின் பாதியில், ஒரு புங்க மரத்தடியில் அவள் அமர்ந்திருந்தாள். எங்களைப் பின்தொடர முயன்று வழி தெரியாமல் நின்றுவிட்டாள். தலைவலியும் மயக்கமும் அவளை வாட்டின. தண்ணீர் தீர்ந்துபோயிருந்தது. தீர்ந்ததற்குக் காரணம் எங்களுக்குத் தெரியும். சிறிது நேரத்திற்கு முன்புதான், தன் பாட்டிலைக் காலி செய்துவிட்ட எங்களில் ஒருத்திக்கு அவள் பாதித் தண்ணீரை ஊற்றிக் கொடுத்திருந்தாள்.

வியர்வையோடு நீர் மட்டுமல்ல, உப்பும் வெளியேறுகிறது. அதனால்தான் தலைசுற்றல் உண்டாகிறது. சிஸ்டர் அவளை நிழலில் படுக்கவைத்து, நெற்றியில் ஈரத்துணி போட்டு, உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைச் சிறிது சிறிதாகக் கொடுத்தார். அரை மணியில் அவள் எழுந்து உட்கார்ந்தாள். நாங்கள் எட்டுப்பேரும் அழுதுவிட்டோம். அவள்தான் எங்களைத் தேற்றினாள்.

புகை

அப்போதுதான் எதிர்ச்சரிவில் மெல்லிய புகை எழுவதைக் கண்டோம். அக்கா சற்று நேரம் காற்றின் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். “இதுக்கு மேல வேணாம் சிஸ்டர். மேல போற வழி முழுக்கக் காஞ்ச புல்லு” என்றார். சமவெளி முழுதும் தெரியும் பெரும்பாறைக்கு இன்னும் அரை மணி நேர நடைதான். “இவ்வளவு தூரம் வந்துவிட்டுத் திரும்புவதா?” என்று எங்களுள் சிலர் முணுமுணுத்தோம். “பாறை அங்கேயே இருக்கும், பிள்ளைகளே” என்று மட்டும் சொல்லிச் சிஸ்டர் முதலில் திரும்பி நடந்தார். இம்முறை உடல் தேறிய தோழி வரிசையின் முன்னால் நடந்தாள். அவள் வேகத்தில் நாங்கள் எல்லாரும் நடந்தோம்.

அக்கா ஏன் அப்படிச் சொன்னார் என்பது பள்ளிக்குத் திரும்பியபின் படித்தபோதுதான் விளங்கியது. 2018-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள், தேனி மாவட்டம் குரங்கணி மலையில் நடைப்பயணம் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கிக்கொண்டார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அவர்களுள் இளம்பெண்கள் பலர். அதுவும் வறண்ட மாதம். அதுவும் காய்ந்த புல் நிறைந்த சரிவு.

தீ சமதளத்தைவிடச் சரிவில் மேல்நோக்கி விரைவாகப் பரவும். சுவாலை சரிவை ஒட்டிச் சாய்வதால், மேலேயுள்ள புல்லும் சருகும் முன்பே சூடேறிக் காய்ந்து உடனே பற்றிக்கொள்ளும். பகலில் வெயில் ஏற ஏறக் காற்றும் சரிவில் மேல்நோக்கி வீசும். ஆகவே தீக்கு மேலே இருப்பவர்கள் ஏறி ஓடித் தப்புவது மிகக் கடினம். நம் நாட்டில் காட்டுத்தீ பெரும்பாலும் மனிதரால்தான் உண்டாகிறது. அணையாத பீடித்துண்டும் சமைத்துவிட்டுச் சரியாக அணைக்காத அடுப்பும் போதும்.

குரங்கணித் தீக்குப் பிறகு, அதே 2018-இல் மலையேற்றத்திற்கென அரசு விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் தொடங்கிய ‘டிரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 நடைவழிகள் அறிவிக்கப்பட்டன. நம் ஏலகிரியின் சுவாமிமலை வழியும் அவற்றுள் அடங்கும். தீப்பற்றும் மாதங்களில் அவ்வழிகள் மூடப்படுகின்றன. மூடிய வழியைப் பார்த்து நாம் முகம் சுளிக்கலாகாது.

நினைவில் கொள்ள வேண்டியவை

தம்பி தங்கையரோடு மலைக்குச் செல்ல விரும்பும் தோழியருக்கு, நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டவற்றைக் கூறுகிறோம்.

1. வனத்துறையின் அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் இன்றிக் காட்டுவழியில் செல்லக் கூடாது. மழைக்குப் பின், மார்கழியும் தையும் ஏற்ற காலம்.

2. விடியற்காலையில் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் திரும்பிவிட வேண்டும். ஒருவருக்கு இரண்டு லிட்டர் தண்ணீராவது வேண்டும். உப்பிட்ட மோர் மிக நல்லது.

3. வாசனைத் தைலமும் பவுடரும் பூசிக்கொண்டு போகக் கூடாது. அவை மலைத்தேனீயைச் சீண்டும்.

4. நெருப்பு மூட்டவே கூடாது. புகை கண்டால் திரும்பிவிட வேண்டும். தீ கீழே இருக்கும்போது மேலே ஏறக் கூடாது. புல்லற்ற பாறைவெளியே பாதுகாப்பானது.

5. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று எண்ணிக்கை எடுக்க வேண்டும். கடைசியில் வருபவளின் வேகமே அனைவரின் வேகமாக இருக்க வேண்டும்.

நம் மலையில் சந்தன மரம் உண்டு. அதன் மணத்தை அறிவோம். அதன் வேரை அறியோம். சந்தனத்தின் வேர் அருகிலுள்ள மரங்களின் வேரைப் பற்றி நீரும் உணவும் பெறும். தனித்து நின்றால் செழிக்காது. ஊருக்குத் திரும்பும் பேருந்தில் ஆசிரியை இதைச் சொன்னபோது, புங்க மரத்தடியில் இருந்த தோழியையும் அவள் ஊற்றிக் கொடுத்த தண்ணீரையும் நினைத்துக்கொண்டோம்.

இப்போது நாங்கள் பத்தாம் வகுப்பு முடித்துப் பள்ளியை விட்டுப் பிரியப் போகிறோம். அந்தப் பெரும்பாறையை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை. அடுத்த மார்கழியில் செல்லும் தங்கையர் பார்த்துவிட்டு வந்து எங்களுக்குச் சொல்லுங்கள். போகும்போது 24 பேர் என்றால், திரும்பும்போதும் எண்ணிப் பாருங்கள்!