மைசூர்ப் பட்டு வந்த வழி

நஞ்சன்கூடு கபிலை ஆற்றங்கரையில் உள்ள ஊர். அங்கிருந்து சுமார் 25 கி.மீ. தூரத்தில் மைசூர் இருக்கிறது. மைசூர் என்றதும் பட்டுச் சேலை நினைவுக்கு வரும். அந்தப் பட்டு எப்படி வந்தது? பார்ப்போம்.

பட்டு முதலில் சீனாவில் தோன்றியது. பிறகு நாடு நாடாகப் பரவியது. இத்தாலி நாட்டில் லூக்கா என்ற நகரம் பட்டு நெசவால் செழித்தது. 1314-ல் எதிரிகள் அந்த நகரைக் கொள்ளையடித்தார்கள். நெசவாளர் பலர் வெனிஸ் போன்ற நகரங்களுக்குப் போனார்கள். தொழிலும் அவர்களோடு போனது.

மைசூரை 1782 முதல் 1799 வரை திப்பு சுல்தான் ஆண்டார். அவர் வங்காளத்திலிருந்து பட்டுப்புழு முட்டைகளை வரவழைத்தார். மல்பெரிச் செடிகளைப் பயிரிடச் செய்தார். 1912-ல் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் மைசூரில் பட்டு நெசவு ஆலையைத் தொடங்கினார். 1980-ல் அது கர்நாடக அரசின் பட்டுத் தொழில் கழகத்தின் கீழ் வந்தது. நஞ்சன்கூட்டை அடுத்த தி.நரசிபுரத்தில் கழகத்தின் நூற்பு ஆலை உண்டு.

இத்தனைக்கும் மூலம் ஒரு சிறு புழு. முட்டையிலிருந்து வந்த புழு மல்பெரி இலையை மட்டுமே தின்னும். நான்கு முறை தோல் உரிக்கும். சுமார் 25 நாளில் முதிர்ந்துவிடும். பிறகு அதைச் சந்திரிகை என்னும் மூங்கில் தட்டில் விடுவார்கள். இரண்டு மூன்று நாளில் அது தன்னைச் சுற்றிக் கூடு கட்டும். கூடுகளை வெந்நீரில் இட்டு நூல் எடுப்பார்கள்.

புழு வளர்ப்பில் நோய்தான் பெரிய எதிரி. ஒரு தட்டில் நோய் வந்தால் வீடு முழுவதும் பரவும். ஒரு மாத உழைப்பு வீணாகும். வாங்கிய கடன் மட்டும் மிஞ்சும். ஆகவே,

1. புழு அறையை மருந்து தெளித்துச் சுத்தம் செய்ய வேண்டும்.
2. கை கழுவிய பிறகே இலை போட வேண்டும்.
3. பூச்சிமருந்து பட்ட இலையைப் போடக் கூடாது.
4. நோயுற்ற புழுக்களை உடனே அகற்ற வேண்டும்.

கூட்டை அரசு சந்தையில் ஏலத்தில் விற்கலாம். எடை எவ்வளவு, கிலோ விலை என்ன, கைக்கு வந்த பணம் எவ்வளவு? சீட்டை நாமே வாசித்துக் கணக்குப் பார்க்க வேண்டும். வளர்க்கத் தெரிந்தவர் கணக்கிலும் ஏமாறக் கூடாது.

கேள்விகள்
1. திப்பு சுல்தான் முட்டைகளை எங்கிருந்து வரவழைத்தார்?
2. நோய் வராமல் தடுக்க என்ன செய்ய வேண்டும்?
3. 40 கிலோ கூடு, கிலோ 300 ரூபாய். மொத்தம் எவ்வளவு?