அடையாள இலக்கமும் ஒரு கோவையும்

அட்சரகணிதத்தில் கோவைகளைச் சுருக்கப் பழகியிருக்கிறோம். கணினியில் பல பட்டியல்களை ஒன்றிணைக்கும்போதும் கோவை எழுதுகிறோம். அதன் விடை முன்கூட்டியே எழுதப்பட்டிருக்காது. ஒவ்வொரு வரியிலுமுள்ள தரவைப் பார்த்து, அந்த வேளையிலேயே கணிக்கப்படும். ஆதலால் இதனை இயங்கு கோவை என்கிறோம்.

மாணவியருக்கு இதை விளக்க நான் எடுத்துக்கொள்வது தேசிய அடையாள அட்டை இலக்கம்.

வேலணையில் உதவி பெறும் குடும்பங்களின் பட்டியல்கள் இரண்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று பழையது, மற்றது புதியது. பெயரைக் கொண்டு அவற்றை இணைக்க முடியாது. ஒருவரே ஒன்றில் பாத்திமா, மற்றதில் ஃபாதிமா. எனவே அடையாள இலக்கமே துணை. அதிலும் இரு வடிவங்கள் உண்டு. பழையது 9 இலக்கங்களும் வீ அல்லது எக்ஸ் என்ற ஆங்கில எழுத்தும் கொண்டது. 2016 முதல் வழங்கப்படுவது 12 இலக்கங்கள் கொண்டது.

கற்பனையான ஓர் இலக்கம்: 855610000வீ. இதில் 85 பிறந்த ஆண்டு, 561 பிறந்த நாள், அடுத்த மூன்றும் தொடரிலக்கம், கடைசி சரிபார்ப்பு இலக்கம். கோவை இவ்வாறு அமையும்: நீளம் 12 ஆயின் அப்படியே விடுக, 10 ஆயின் கடைசி எழுத்தை நீக்கி, முன்னால் 19 சேர்த்து, தொடரிலக்கத்துக்கு முன் ஒரு 0 இடுக. விடை 198556100000. இப்போது இரு பட்டியல்களும் பொருந்தும்; ஒருவர் இருவராக எண்ணப்படமாட்டார்.

பிறந்த திகதியையும் இதிலிருந்து பெறலாம். ஆண்டுக்கு 366 நாட்களுக்கு மேல் இல்லையே, 561 எங்கிருந்து வந்தது? பெண்களுக்கு நாள் எண்ணுடன் 500 கூட்டப்படுகிறது. எனவே 500இலும் கூடினால் 500ஐக் கழிக்க வேண்டும், மீதி 61. பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாட்கள் எனக் கொள்வதே இங்கு முறை. ஆகவே 61 என்பது மார்ச் 1. சாதாரண நாட்காட்டிப்படி எண்ணினால் 1985இல் அது மார்ச் 2 ஆகிவிடும்.

அந்த 500ஐ மறந்து ஒருவர் கோவை எழுதினால் என்ன நடக்கும்? ஆண்களின் வரிகள் யாவும் சரியாக வரும். பெண்களின் வரிகள் மட்டும் “பிழையான திகதி” என ஒதுக்கப்படும். தனித்து நின்று குடும்பம் தாங்கும் தாய்மார் பலர் வாழும் தீவகத்தில், அந்த ஒரு வரியால் உதவி கிடைக்க வேண்டியவரே விடுபடுவார்.

ஆதலால் கோவை எழுதியதும் மூன்று வரிகளையேனும் கையால் கணித்துப் பாருங்கள்: ஓர் ஆணுடையது, ஒரு பெண்ணுடையது, மார்ச் முதலாம் திகதி பிறந்த ஒருவருடையது. மூன்றும் சரியாக வந்த பின்னரே முழுப் பட்டியலிலும் அதை இயக்குங்கள்.