மணிக்கணக்கில் கரையும் பணம்

ஆஸ்திரேலியாவின் என்.டி.ஐ.எஸ். என்னும் மாற்றுத்திறனாளி காப்பீட்டுத் திட்டத்தில், சிலருடைய பிளானில் ஆதரவு ஒருங்கிணைப்பாளருக்கென்று தனித்தொகை ஒதுக்கப்படும். ஏற்ற சிகிச்சையாளரையும் உதவியாளரையும் தேடிப்பிடித்துக் கொடுப்பது அவர் வேலையில் பாதிதான். அதை நாளடைவில் குடும்பமே செய்யும்படி பழக்குவது மறுபாதி. பல நிறுவனங்கள் இதைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை. ஆள் தேவைப்படும்வரைதானே வருமானம்.

2024–25 விலைப்பட்டியலின்படி இரண்டாம் நிலை ஒருங்கிணைப்புக்கு மணிக்கு 100.14 டாலர் உச்சவரம்பு. சிக்கல் மிகுந்த நிலைமைகளுக்கான மூன்றாம் நிலைக்கு 190.54. நேரில் வருவது மட்டுமல்ல, ஒப்பந்தத்தில் ஒப்புக்கொண்டிருந்தால் தொலைபேசி, மின்னஞ்சல், அறிக்கை எழுதும் நேரமும் பில்லில் ஏறும். ஐந்து சில்லறைக் கேள்விகளைத் தனித்தனியாக அனுப்பி, ஒவ்வொன்றுக்கும் 12 நிமிடம் போடப்பட்டால் 100 டாலர் போயிற்று. ஐந்தையும் எண் போட்டு ஒரே மின்னஞ்சலில் கேட்டால் கால் மணியில் முடியக்கூடும். சந்திப்பு நேரத்தை மாற்றுவது போன்றவற்றைக் குடும்பமே பேசி முடித்துக்கொள்ளலாம். உதவியாளர் கிடைக்காமல் அலைவது, வீட்டு மாற்றியமைப்பு, மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புவது ஆகியவற்றுக்குத்தான் அந்த மணிகள் தேவைப்படும்.

கையெழுத்திடுமுன் ஒப்பந்தத்தில் பயண நேரத்துக்குக் கட்டணம் உண்டா, விலக எத்தனை நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பவற்றைப் பார்த்துக்கொள்வது நல்லது. எந்த நாளில், எந்த வேலைக்கு, எத்தனை நிமிடம் என்ற விவரத்தையும் மாதந்தோறும் கேட்டு வாங்கலாம். ‘பல்வேறு பணிகள், 3 மணி’ என்று வரும் பில்லை அப்படியே ஏற்க வேண்டியதில்லை.

ஒருங்கிணைப்பாளரின் நிறுவனமே உதவியாளர்களையும் அனுப்புகிறதென்றால், வெளியிலுள்ள நிறுவனங்களின் பெயர்களையும் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். தமிழ் பேசும் ஒருங்கிணைப்பாளர் கிடைத்தால் ஆறுதல்தான். ஆனால் வட்டாரத்தில் எந்தச் சிகிச்சையாளரிடம் இடம் காலியாக உள்ளது என்று தெரிந்தவரே அதிகப் பயன் தருவார். மொழிக்கு டி.ஐ.எஸ். நேஷனல் என்னும் அரசு மொழிபெயர்ப்புச் சேவை வழியாக மொழிபெயர்ப்பாளர் உண்டு, பயனாளியிடம் கட்டணம் வாங்குவதில்லை.

பிளான் மறுமதிப்பீட்டுக்குச் சிகிச்சையாளர்களின் அறிக்கைகள் வேண்டும். தொழில்வழிச் சிகிச்சையாளரிடம் பெரும்பாலும் காத்திருப்புப் பட்டியல் இருக்கும். ஆகவே மாதங்களுக்கு முன்பே அறிக்கைக்குச் சொல்லிவைக்கவும், கடைசிக் கட்டத்தில் அவற்றைத் தொகுக்கவும் ஒருங்கிணைப்பாளரின் சில மணி நேரத்தைத் தொடாமல் ஒதுக்கிவைப்பது அவசியம்.